பவானிசாகர் மதகைத் திறக்கும் நாளை யார் யார் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்? (கீழ்பவானி, பழைய ஆயக்கட்டு, மேல்பவானி எல்லோரும் வரலாம்)

மைல் 124 | வெள்ளி, காலை 6:20

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் காடு முத்தூர்ப் பக்கம், கீழ்பவானிக் கால்வாய் மூச்சு வாங்கி ஓய்ந்துபோகும் இடத்தில் இருக்கிறது. காலையில் பல் துலக்குவதற்கு முன் கைபேசியில் அணை மட்டம் பார்ப்பது எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பழக்கம். முழு மட்டமான 105 அடிக்கு எத்தனை அடி குறைவு, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு. இந்த மூன்று எண்களை வைத்துத்தான் கடலை போடுவதா, எள்ளோடு நிறுத்துவதா, மாட்டுக்குச் சோளத்தட்டாவது தேறட்டும் என்று விட்டுவிடுவதா என்று முடிவெடுக்கிறோம்.

போன புன்செய்ப் போகத்தில் அறிவித்த தேதியை நம்பி உழுது வைத்துக் காத்திருந்தேன். மேலே திறந்த பதினோராம் நாள் நள்ளிரவில் எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்தது, கணுக்கால் அளவு. மறுநாள் மாலையே மேலே அடைத்துவிட்டார்கள். சுற்றுக் கணக்கில் எங்களுக்கும் ஒரு நனைப்பு கொடுத்ததாகப் பதிவாகியிருக்கும்.

திறப்புக்கு முன் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பழைய ஆயக்கட்டுக்காரர்கள் (அணைக்கு முன்பிருந்தே ஆற்றுப் பாசனம் பெறும் நிலக்காரர்கள்) பேசினார்கள், கீழ்பவானிச் சங்கத் தலைவர்கள் பேசினார்கள், பொறியாளர்கள் எண்களை வாசித்தார்கள். குடிநீருக்கு எடுப்பவர்கள் தரப்பில் யாரும் இல்லை. மின்வாரியத்தில் இருந்து யாரும் இல்லை. கால்வாய்க் கசிவை நம்பிக் கிணறு வைத்திருப்பவர்களுக்காகப் பேச ஆள் இல்லை. கேரளப் பகுதியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் எடுத்ததுபோக மிஞ்சுவதுதான் எனக்கு வருகிறது.

அதனால் கேட்கிறேன். இந்த ஆற்றைப் பங்கிடும் மேசையில் யாருக்கெல்லாம் நாற்காலி இருக்க வேண்டும்?

தடப்பள்ளி மடை | வெள்ளி, காலை 7:55

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நாற்காலிக் கணக்கு தொடங்கும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள். கொடிவேரி அணைக்கட்டு 1125-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பார்கள். காளிங்கராயன் வாய்க்கால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டியது. பவானிசாகர் அணை முடிந்தது 1955-இல். கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் சேர்ந்து 24,504 ஏக்கர், காளிங்கராயன் 15,743 ஏக்கர். ஆற்றில் ஓடிய தண்ணீரை நாங்கள் எண்ணூறு ஆண்டாக எடுத்துக்கொண்டிருந்தோம். குறுக்கே அணை கட்டினார்கள். எங்களுக்குக் கொடுத்ததுபோக மீதியைப் புதிய ஆயக்கட்டுக்கு என்றார்கள். அந்த வரிசையை மாற்றுவதற்கு மேசை போடுகிறீர்கள் என்றால் நான் வரமாட்டேன். வேறு எது பேசவும் வருவேன்.

நீரியல் இரண்டாமாண்டு | வெள்ளி, காலை 9:10

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கீழ்பவானி ஆயக்கட்டு 2.07 லட்சம் ஏக்கர் என்று படித்தேன். ஒரு போகத்துக்குப் பாதிக்கு மட்டும் தண்ணீர் விடுகிறார்கள் என்கிறார்கள். ஏன் பாதி?

பழைய அளவுகோல் | வெள்ளி, பகல் 12:40

பணியில் இருந்து ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டாகிறது. பெரும்பாலும் கால்வாய்ப் பிரிவில்தான் வேலை பார்த்தேன், அதனால் மாணவருக்கு நான் பதில் சொல்கிறேன்.

அணையின் முழுக் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. கீழ்பவானியில் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் 1,03,500 ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15-இல் இருந்து 120 நாள், நன்செய்க்கு 24 டி.எம்.சி. அது முடிந்தபின் மறுபாதிக்குப் புன்செய்க்கு 12 டி.எம்.சி., அதையும் விட்டு விட்டுத் திறப்போம். அடுத்த ஆண்டு பாதிகள் இடம் மாறும். இந்த ஆண்டு நெல் நட்டவர் அடுத்த ஆண்டு கடலை போடுவார்.

காகிதத்தில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். 24 டி.எம்.சி.யை 120 நாளுக்கு வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 2,315 கன அடி. கால்வாய் தாங்குவதே 2,300 சொச்சம்தான். அந்த 24-ஐ 1,03,500 ஏக்கரில் பரப்பினால் 5.3 அடி உயரம் நிற்கும். அது கால்வாய்த் தலையில் எடுத்த கணக்கு. 200 கிலோமீட்டர் மண் கால்வாயில் ஓடி முத்தூருக்கு வரும்போது என்ன மிஞ்சும் என்பதை மைல் 124 சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் கூட்டுங்கள். 24-ம் 12-ம் 36. அணை கொள்வது 32.8. பழைய ஆயக்கட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு குடிநீர் எதையும் சேர்க்காமலே அணையைவிடப் பெரிய வயிறு. ஓர் ஆண்டில் அணை ஒரு முறைக்கு மேல் நிரம்பினால்தான் விதிப்புத்தகத்தில் இருப்பது நடக்கும். தென்மேற்குப் பருவமழை நீலகிரியில் ஒழுங்காகக் கொட்டி, வடகிழக்கும் கைகொடுக்கும் ஆண்டு எத்தனை என்று விரல்விட்டுப் பாருங்கள்.

பாதிப் பாதி என்ற முறை தொடக்கத்தில் இருந்தே வந்ததில்லை. பருத்தி, சோளம் போன்ற மேட்டுப் பயிரை மனதில் வைத்து வகுத்த திட்டம் இது. தண்ணீரைக் கண்டவுடன் உழவர்கள் நெல் நட்டார்கள். யார்தான் நெல் நட மாட்டார்கள்? அணை கட்டி ஏறத்தாழ பத்தாண்டுக்குள் விதியே மாறி இந்த முறைக்கு வந்தது. நெல் நட்டவன் விதியை மீறினான், அரசு விதியை அவனுக்கு ஏற்ப வளைத்தது. ஆற்றோடு ஒத்துப்போய் மாற்றிக்கொள்வது என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதைப் பெயர் வைக்காமலே அறுபது ஆண்டுக்கு முன் ஒரு முறை செய்தாயிற்று. அதன்பின் நிறுத்திவிட்டோம் என்பதுதான் என் குறை.

மஞ்சள் காடு | வெள்ளி, இரவு 8:05

பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டம். கால்வாயில் இருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே. ஆயக்கட்டுக் கணக்கில் எங்கள் நிலம் இல்லை. ஆனால் எங்கள் கிணறு இருக்கிறது.

அந்தக் கிணற்றை ஒரு முறை வந்து பாருங்கள். உள்ளே இறங்கக் கருங்கல் படி வைத்துக் கட்டியது, முப்பத்தெட்டுப் படி. கால்வாய் அடைத்த பின் ஏப்ரல் கடைசியில் முப்பத்தைந்தாவது படியில் தண்ணீர் கிடக்கும், பாசி வாடை அடிக்கும். ஆகஸ்டில் கால்வாயைத் திறந்து மூன்றாவது வாரம் ஒரு படி முங்கும். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு படி. என் அப்பா படிகளில் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். மழை ஒரு சொட்டும் இல்லாத வாரத்திலும் படி முங்கியிருக்கிறது. மஞ்சள் பத்து மாதப் பயிர். அது நிலத்தில் நிற்பது இந்தக் கசிவால்தான்.

709.60 கோடி ரூபாயில் கால்வாயைச் சீரமைக்கப் போகிறோம் என்று காங்கிரீட் தளம் போடும் பேச்சை எடுத்தபோது நாங்கள் எதிர்த்ததும், 2023-இல் பெருந்துறையில் உண்ணாவிரதம் வரை போனதும் இதனால்தான். வீண் வம்பு என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். கால்வாயில் கசிந்து வீணாகிறது என்று பொறியாளர்கள் சொல்லும் தண்ணீர் எங்கள் குடிநீர், எங்கள் மாட்டுத் தொட்டி, எங்கள் ஓடை. அந்த ஓடைகளின் தண்ணீர் கீழே இறங்கி மறுபடி வயலுக்குத்தான் போகிறது.

மைல் 124 | வெள்ளி, இரவு 8:40

அண்ணா, உங்கள் கிணற்றில் முங்கும் படி எங்கள் மதகுக்கு வராத தண்ணீர். கோபப்படாதீர்கள். ஆயக்கட்டுதாரன் நான், தீர்வை கட்டுபவன் நான். ஆயக்கட்டிலேயே இல்லாத கிணற்றுக்கு முதல் பங்கு, எனக்குப் பதினோராம் நாள் கணுக்கால் தண்ணீர். இது எந்த ஊர் நியாயம்?

கசிவை மட்டும் சொல்லவில்லை. கால்வாய் ஓரத்தில் கிணறு தோண்டி, அதில் இருந்து குழாய் போட்டு மேட்டுக்காட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் கசிவு என்ற ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள்.

மஞ்சள் காடு | வெள்ளி, இரவு 9:15

குழாய்க்காரர்களை நானும் ஆதரிக்கவில்லை. அதில் நீங்களும் நானும் ஒரு கட்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் கிணறு இல்லையா?

மைல் 124 | வெள்ளி, இரவு 9:22

இருக்கிறது.

மஞ்சள் காடு | வெள்ளி, இரவு 9:24

அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நெறியாளர் | வெள்ளி, இரவு 11:30

சாதி, கட்சி பேசிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தண்ணீரைப் பற்றி எவ்வளவு சூடாகவும் பேசலாம்.

பழைய அளவுகோல் | சனி, காலை 5:50

தூக்கம் வரவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் இருவர் சொல்வதும் சரி, அதனால்தான் இந்தச் சண்டை முடியவில்லை. இருவரில் ஒருவர் பொய் சொன்னால் எப்போதோ தீர்ந்திருக்கும். கீழ்பவானி விதிப்புத்தகத்தில் கால்வாய் உண்டு, மதகு உண்டு, ஏக்கர் உண்டு. கிணறு என்ற சொல் இல்லை. களத்தில் பார்த்தால் உழவர் எவரும் கால்வாயை மட்டும் நம்பிப் பயிர் வைப்பதில்லை. மழை, கால்வாய், கிணறு என்று மூன்றையும் ஒட்டவைத்து ஒரு போகத்தை ஓட்டுகிறார். கால்வாய் வராத பாதி ஆண்டில் கிணறுதான் பயிரைக் காப்பாற்றுகிறது, அந்தக் கிணற்றை நிரப்பியது முந்தைய ஆறு மாதக் கால்வாய். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் 2009-இல் கீழ்பவானியைப் பற்றியே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நிலையில்லாத தண்ணீர் வரத்துக்கு உழவர்களும் நிர்வாகமும் எப்படித் தங்களை மாற்றிக்கொண்டே வந்தார்கள் என்பதுதான் அதன் பொருளே. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து எழுதியதை நாம் இங்கே கூட்டத்தில் ஒரு முறைகூடப் பேசியதில்லை.

பணியில் இருந்தபோது நானும் கசிவை 'இழப்பு' என்ற பத்தியில்தான் எழுதினேன். படிவத்தில் அந்த ஒரு பத்திதான் இருந்தது. தலைப்பை மாற்றி 'கிணற்றுக்குப் போனது' என்று போட எனக்கு அதிகாரம் இல்லை, அப்போது அந்த எண்ணமும் வரவில்லை.

ஆனால் மஞ்சள் காடு அவர்களுக்கும் ஒரு சொல். கரை இளகி உடையும் இடங்களும் தூர்ந்துபோன மதகுகளும் உண்மையிலேயே இருக்கின்றன. எழுபது ஆண்டுக் கட்டுமானம். எதையும் தொடாதே என்றால் ஒரு நாள் கரையே போய்விடும், அப்போது உங்கள் முப்பத்தெட்டுப் படியும் காயும்.

எள்ளுக்காடு | சனி, முற்பகல் 11:15

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மேசையில் யாருக்கு நாற்காலி என்று தொடங்கிய பேச்சு கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. மறுபடி மேலே கொண்டுவருகிறேன்.

2000-இல் பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்யச் சட்டம் வந்தது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதன்மேல் பகிர்மானக் குழு, அதன்மேல் திட்டக் குழு என்று மூன்றடுக்கு. பெயரைப் பாருங்கள், நீரினைப் பயன்படுத்துவோர். பதினாறு ஆண்டாகத் தண்ணீர் கட்டுவது நான். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருக்கிறார். பட்டா மாமனார் பெயரில். சங்கத்தில் நிலவுடைமையாளருக்குத்தான் ஓட்டு. எனக்கு இல்லை. குத்தகைக்கு ஓட்டுபவருக்கும் இல்லை. கூட்டத்துக்கு மாமனார் போய் மிக்சர் சாப்பிட்டு வருவார், என்ன பேசினார்கள் என்று கேட்டால் "அடுத்த வாரம் சொல்வார்களாம்" என்பார்.

எங்கள் கொப்பு வாய்க்காலில் (மதகில் இருந்து வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்கால்) நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மழை பொய்த்த ஓர் ஆண்டு. புன்செய்க்கு ஐந்து சுற்று என்று சொல்லிவிட்டு மூன்றோடு நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஒரு கொப்பில் ஒன்பது குடும்பம், இருபத்திரண்டு ஏக்கர். முதல் சுற்றிலேயே சண்டை. மேல்வயல்காரர் வாய்க்கால் வாயைச் சாக்கும் சேறும் வைத்து அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார். நான் இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்ச் சாக்கைப் பிடுங்கினேன். காலையில் ஊரே கூடிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா, அவருக்கு அரை ஏக்கர்தான், ஒரு கேள்வி கேட்டார். மூன்று சுற்றுத் தண்ணீரில் இருபத்திரண்டு ஏக்கர் விளையுமா? விளையாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் எல்லோரும் முழுக்க உழுது வைத்திருக்கிறோம்? அடுத்தவன் உழுதிருக்கிறான் என்பதால். அன்று மாலைக்குள் முடிவாயிற்று. ஏக்கர் வைத்திருப்பவர் அரை ஏக்கரைத் தரிசாகப் போடுவது, அரை ஏக்கரும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் முழுதும் போடுவது, எவரும் கடலை வேண்டாம், எள் மட்டும். நேரத்தைக் கைபேசியில் அலாரம் வைத்துப் பிரித்தோம். ஏக்கருக்கு மூன்றே கால் மணி நேரம். கீழ்வயலில் இருந்து தொடங்கி மேலே வருவது என்று வைத்ததுதான் பெரிய சண்டையாக இருந்தது, அதற்கும் மேல்வயல்காரர் கடைசியில் தலையாட்டினார். சாக்குப் பிடுங்கிய என்னோடு மட்டும் ஓராண்டு பேசவில்லை.

பேச்சு அடிபட்டது போலவே மூன்று சுற்றோடு நின்றது. எங்கள் கொப்பில் எள் வந்தது. பக்கத்துக் கொப்பில் கடலை பூவோடு காய்ந்தது.

அந்த ஒப்பந்தம் எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை. அடுத்த ஆண்டு அணை நிரம்பியது, எல்லோரும் பழையபடி முழுக்க உழுதார்கள். அதுவும் சரிதானே. தண்ணீர் இருக்கும்போது எதற்குத் தரிசு?

தடப்பள்ளி மடை | சனி, பகல் 1:30

அம்மா, கீழிருந்து மேலே என்று வைத்தீர்களே, அதைச் செய்ய வைத்ததற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு.

குந்தா மேடு | சனி, பிற்பகல் 3:45

மலையில் இருந்து எழுதுகிறேன். அப்பா மின்நிலையத்தில் இருந்தவர், நான் கேரட் போடுகிறேன்.

கீழே எல்லோரும் பவானிசாகரில் இருந்து கணக்குத் தொடங்குகிறீர்கள். அதற்கு மேலே குந்தா வரிசை அணைகள் இருக்கின்றன. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி. அவற்றின் தண்ணீர் மின்நிலையம் மின்நிலையமாக இறங்கிப் பில்லூர் அணைக்கு வருகிறது. பைக்காரா பக்கத்துத் தண்ணீர் மாயாற்றில் விழுந்து பவானிசாகருக்கு வருகிறது. மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது விசைச்சக்கரம் சுழலும், அப்போது தண்ணீர் இறங்கும். உங்கள் எள்ளுக்கு நனைப்பு எப்போது தேவை என்று அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது. கோடையில் உழவர் சங்கங்கள் மேல் அணைகளில் இருந்து தண்ணீர் கேட்டு மனுக் கொடுப்பதை ஆண்டுக்கு ஆண்டு பார்க்கிறோம். மனுவாக வராமல், டிசம்பரிலேயே ஒரு கால அட்டவணையாகப் பேசினால் மின்வாரியத்துக்கும் வசதி.

எங்களையும் திட்டலாம். சரிவில் காய்கறி போட்டு மண்ணை இறக்கிவிடுகிறோம். அந்த மண் எங்கே போய்த் தங்குகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அகளி பஸ் | சனி, மாலை 6:10

அட்டப்பாடிக்காரன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பக்கத்து ஊரில் இருளர் மொழி.

ஒன்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன். பவானி நீலகிரியில் பிறந்து எங்கள் ஊர் வழியாக ஓடித்தான் மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. காவிரித் தீர்ப்பாயம் 2007-இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானிப் படுகையில் இருந்து. 2017-இல் இங்கே சிறு தடுப்பணைகள் கட்டியபோது கோவைப் பக்கம் பெரிய போராட்டம் நடந்தது. செய்தியில் 'கேரளம் அணை கட்டுகிறது' என்று வந்தது. அந்தத் தடுப்பணை எவ்வளவு உயரம், எந்த ஊருக்குக் குடிக்க என்று கேட்டு ஒருவரும் ஊருக்குள் வரவில்லை. எங்கள் ஆட்களும் முன்கூட்டி ஒரு தாளைக்கூட மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பவில்லை. கோடையில் எங்கள் ஊர்களில் பெண்கள் குடத்தோடு நடக்கும் தூரத்தைக் கண்டால் கொடிவேரிக்காரரும் சண்டை போட மாட்டார்.

தடப்பள்ளி மடை | சனி, மாலை 6:50

குடிக்கத் தண்ணீருக்குச் சண்டை போட மாட்டேன். ஆனால் குடிக்க என்று தொடங்கிப் பாக்குத் தோப்பில் முடிந்த கதை உங்கள் ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு. எதற்கு எவ்வளவு என்று அளந்து பலகையில் எழுதி வைத்தால் சந்தேகம் பாதி குறையும்.

அவிநாசிக் குட்டை | ஞாயிறு, காலை 8:30

இந்த இழையில் எங்களை இன்னும் யாரும் திட்டவில்லை என்பது ஆச்சரியம்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு அறுபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தோம். 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கி வைத்தார்கள். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் தண்ணீரில் 1.5 டி.எம்.சி., நாளுக்கு 250 கன அடி வீதம் எழுபது நாள், 1,045 குளம் குட்டைகளுக்கு. எங்கள் ஊர்க் குட்டையில் குழாய் வாயில் முதல் தண்ணீர் கொட்டியபோது, அந்தக் குட்டையில் தண்ணீரே பார்க்காத பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

எனக்குள்ள கவலை 'உபரி' என்ற சொல்தான். மேலே ஒவ்வொருவரும் தங்கள் பங்கை ஒழுங்குபடுத்தினால் உபரி குறையும். உபரியை நம்பி ஒரு திட்டம் கட்டிவிட்டு, அந்தத் திட்டத்துக்காரனுக்கு மேசையில் இடம் கொடுக்காவிட்டால் எங்கள் குட்டை மறுபடி கிரிக்கெட் மைதானம் ஆகிவிடும்.

பழைய அளவுகோல் | ஞாயிறு, காலை 9:40

250 பெருக்கல் 86,400 பெருக்கல் 70. சரியாக 1.51 டி.எம்.சி. வருகிறது. பழக்கம் விடவில்லை. ஆனால் ஒரு திருத்தம், அது விநாடிக்கு 250 கன அடி, நாளுக்கு இல்லை.

உபரி எங்கே பிறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளப் பாதுகாப்புக்காக அக்டோபர் முடியும்வரை அணையை 102 அடியில் நிறுத்துவோம், நவம்பரில்தான் 105. அதற்குமேல் வருவது ஆற்றில் இறங்கும். மழையை முன்கூட்டிக் கணிக்கும் வசதி இன்றைக்கு இருப்பதுபோல் அந்த விதி வகுத்தபோது இல்லை. மூன்றடி என்றால் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும், அகலமான அணையின் உச்சியில் மூன்றடி பெரிய தண்ணீர். ஆண்டுக்கு ஆண்டு வானிலையைப் பார்த்து அந்த வரம்பை ஆராயலாமா என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்கலாம். அணைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதனால் நான் ஆம் என்றும் சொல்லவில்லை.

நீரியல் இரண்டாமாண்டு | ஞாயிறு, முற்பகல் 10:20

இத்தனை பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து எங்காவது நடந்திருக்கிறதா, ஐயா?

பழைய அளவுகோல் | ஞாயிறு, பகல் 12:05

பக்கத்திலேயே நடந்தது. 2003-இல் காவிரிச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில் காவிரிக் குடும்பம் என்று ஒன்று தொடங்கியது. கர்நாடக உழவர்களும் தஞ்சை உழவர்களும் ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டு எண்ணில் உடன்பாடு வரவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம்தான் எண்ணைச் சொன்னது. அதனால் அது தோல்வி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாண்டியாக்காரர் திருவாரூர் வரப்பில் நின்றபின் 'கடலுக்குத்தானே விடுகிறார்கள்' என்று பேசுவது கடினம்.

பவானிக்கு அதைவிடச் சிறிய வேலை போதும். எண்ணைப் பேசுவதற்கு முன் பஞ்ச ஆண்டில் யார் எவ்வளவு விடுவது என்று நல்ல ஆண்டில் பேசுங்கள். எள்ளுக்காடு அம்மாவின் கொப்பில் நடந்ததைப் பெரிதாக்கினால் இப்படி வரும் என்று நினைக்கிறேன்.

ஜூலைக் கடைசி, அக்டோபர் நடு, டிசம்பர் நடு என்று மூன்று நாள் கூடுவது. ஒவ்வொரு நாளும் அணை மட்டத்தோடு, மேல் அணைகளின் இருப்பும், கால்வாய் நெடுக இருபது முப்பது கிணறுகளின் மட்டமும் மேசையில் இருக்க வேண்டும். இருப்பு இன்ன அளவுக்குக் கீழே போனால் இன்ன பயிர் மட்டும், இன்ன விகிதம் தரிசு, சுற்றை அணைப்பக்கம் இல்லாமல் கடைமடையில் இருந்து தொடங்குவது என்று முன்கூட்டி எழுதி வைத்துவிடுவது. போகம் முடிந்தபின் சொன்னது நடந்ததா என்று நான்காவது முறை கூடிப் பார்ப்பது. இந்த நான்காவது கூட்டம்தான் நம்மிடம் எப்போதும் இருந்ததில்லை. திறப்பு விழாவுக்குப் பூத்தூவ ஆள் வரும், அடைத்தபின் கணக்குக் கேட்க ஆள் வராது.

காங்கிரீட்டையும் அப்படியே பாருங்கள். இருநூறு கிலோமீட்டருக்கு ஒரே முடிவு எதற்கு? உடையும் கரையை முதலில் கட்டுங்கள். கசிவு அதிகமுள்ள ஒரு துண்டில் செய்து, அதற்குக் கீழே உள்ள கிணறுகளை இரண்டு ஆண்டு அளந்துவிட்டு அடுத்த துண்டைப் பேசுங்கள்.

மஞ்சள் காடு | ஞாயிறு, பிற்பகல் 2:30

அளந்தபின் கிணறு வற்றியது தெரிந்தால் காங்கிரீட்டைப் பெயர்த்து எடுப்பீர்களா?

பழைய அளவுகோல் | ஞாயிறு, பிற்பகல் 2:50

நல்ல கேள்வி. பெயர்க்க மாட்டார்கள். அதனால் முதல் துண்டு யாருடைய கிணற்றுக்கு மேலே என்பதை அந்தக் கிணற்றுக்காரர்களைக் கேட்காமல் தேர்வு செய்யக் கூடாது. வற்றினால் என்ன தருவார்கள் என்று முன்னரே எழுத்தில் வாங்க வேண்டும். அதுவும் இல்லாமல் நீங்கள் ஒத்துக்கொண்டால் நீங்கள் ஏமாளி.

தடப்பள்ளி மடை | ஞாயிறு, மாலை 4:15

அட்டவணையும் அளவும் வெளியே வரட்டும், எங்கள் வாய்க்கால் அளவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முன்னுரிமையைத் தொட விடமாட்டேன் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் கடும் பஞ்ச ஆண்டில் எங்கள் இரண்டாம் போகத்துக்கு நாள் குறைந்த நெல் ரகம் போட்டுப் பதினைந்து நாள் முன்னதாக அடைக்க முடியுமா என்று ஊரில் பேசிப் பார்க்கிறேன். பேசிப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன், எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

எள்ளுக்காடு | ஞாயிறு, மாலை 4:20

எழுதி வைத்துக்கொண்டேன் ஐயா.

மைல் 124 | ஞாயிறு, இரவு 7:45

மஞ்சள் காடு அண்ணன் வெள்ளியன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். எங்கள் கிணற்றுக்கும் கால்வாய்க் கசிவுதான். கால்வாய் வராத மாதங்களில் அதில் இருந்துதான் மாட்டுக்கு இறைக்கிறோம். எங்கள் வீட்டில் படி இல்லை, சிமெண்ட் உறை. நாளையில் இருந்து உறை எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வைக்கிறேன். அண்ணனும் உங்கள் அப்பா எழுதிய பழைய தேதிகள் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பொறியாளர் ஐயா, மதகில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நாங்களே பார்ப்பது எப்படி?

பழைய அளவுகோல் | ஞாயிறு, இரவு 8:30

மதகுக்குக் கீழே, வாய்க்கால் நேராக ஓடும் இடத்தில் சுவரில் அடி, அங்குலம் குறித்த அளவுகோல் வரைந்திருக்கும். தண்ணீர் அலையில்லாமல் நிற்கும்போது எண்ணைப் படியுங்கள். காலையும் மாலையும் ஒரே நேரத்தில். எந்த உயரத்துக்கு எத்தனை கன அடி என்ற அட்டவணை பிரிவு அலுவலகத்தில் இருக்கும், கேட்டு ஒரு நகல் வாங்குங்கள். உங்கள் மதகில் அளவுகோல் இருக்கிறதா?

மைல் 124 | திங்கள், காலை 6:35

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. மேலே மூன்றும் நான்கும் மட்டும் தெரிகின்றன, கீழே உள்ளதெல்லாம் பாசியும் உரிந்த பெயிண்டும். எங்கள் தண்ணீர் மூன்றைத் தொட்டதே இல்லை. கம்பித் தூரிகையும் அரை லிட்டர் கறுப்புப் பெயிண்டும் வாங்க முத்தூர் போகிறேன்.